டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?

போன வாரம் குக்கர் விசில் பற்றி எழுதினதில் என் மனைவிக்குக் கொஞ்சம் கோபம். "நம்ம வீட்டு சமையலறை என்ன, பப்ளிக் பார்க்கா?" என்று கேட்டுவிட்டாள். அதனால் இந்த வாரம் சமையலறையை விட்டு ஹாலுக்கு வந்துவிடுகிறேன். ஹாலில் அப்பா உட்கார்ந்திருக்கிறார்.

வேடந்தாங்கலுக்கு நவம்பரில் பறவைகள் வந்து மார்ச் வாக்கில் கிளம்புகிறதல்லவா, அந்த மாதிரிதான் நங்கநல்லூரில் எங்கள் இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்கு அப்பாவும் அம்மாவும். ஒரே ஒரு வித்தியாசம். பறவைகள் முட்டை போட வருகின்றன. இவர்கள் மூச்சு விட வருகிறார்கள்.

அப்பா 1970ல் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹாண்ட் லோயர், ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள் சகிதம் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி டில்லி போனவர். கரோல்பாகில் மொட்டை மாடி அறை ஒன்றில் மூன்று பேராகக் குடியிருந்து, மத்திய சர்க்காரில் சேர்ந்து, 38 வருஷம் ஃபைல் தள்ளி, 2008ல் ரிடையர் ஆனார். மயூர் விஹாரில் சொந்தமாக ஒரு பிளாட். நான் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். ஆக, எங்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருத்தர் ரயில் ஏறுகிறோம். எதிர் எதிர்த் திசையில்.

2016 நவம்பர் வரைக்கும் டில்லிக் குளிர்காலம் என்றால் அப்பாவுக்குச் சொர்க்கம். சர்க்கார் ஆபீஸ் புல்வெளியில் மத்தியானம் சீட்டுக் கச்சேரி. பக்கத்தில் பெண்கள் ஸ்வெட்டர் பின்னுவார்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வறுத்த வேர்க்கடலையைக் கறுப்பு உப்பில் தொட்டு, ஆரஞ்சுத் தோலை உரித்து... ரிடையர் ஆனபிறகும் அதே கச்சேரி காலனி பார்க்கில் தொடர்ந்தது. அப்பாவின் கணக்கில் கோடை என்பது குளிர்காலத்துக்காகக் காத்திருக்கும் ஒரு வெயிட்டிங் ரூம்.

அந்த நவம்பரில்தான் டில்லியில் புகை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடங்களுக்கு மூன்று நாள் லீவு விட்டார்கள். அதே வாரம் 500, 1000 ரூபாய் நோட்டும் செல்லாமல் போனது. ஊரே ஏ.டி.எம். வாசலில் பணத்துக்கு நின்றபோது, என் அம்மா வீட்டுக்குள் காற்றுக்கு நின்றுகொண்டிருந்தாள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்தபடி இருமல். விசில் அடிக்கிற மாதிரி மூச்சு. (குக்கர் இல்லை, இது வேறு விசில்.) டாக்டர் பிரிஸ்கிரிப்ஷனில் இரண்டு இன்ஹேலர் எழுதிவிட்டு, மூன்றாவதாக வாயால் சொன்னாராம்: "நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்த ஊரில் இருக்காதீர்கள்."

அப்பா அதை மேலதிகாரியின் உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். பிடிக்காவிட்டாலும் நிறைவேற்ற வேண்டியது. 2017லிருந்து ஒவ்வொரு நவம்பரும் கிளம்பி வந்துவிடுகிறார்கள். கொரோனா வந்த 2020ல் மட்டும் வரவில்லை. இந்தத் தடவை எட்டாவது சீசன்.

* * *

"பிளேனில் வாங்களேன், மூணு மணி நேரம்தானே" என்று நானும் எட்டு வருஷமாகச் சொல்கிறேன். அப்பா கேட்கமாட்டார். பிளேனில் 15 கிலோ, மூன்றடுக்கு ஏ.ஸி.யில் 40 கிலோ என்று கணக்குச் சொல்வார். தவிர, குளிரிலிருந்து வெயிலுக்குப் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் ஓடி வருகிறது. போபாலில் விடிந்ததும் மங்கி குல்லாவைக் கழற்றுவார். நாக்பூரில் ஸ்வெட்டர். வாரங்கல்லில் மஃப்ளர். வண்டி ஏ.ஸி. உள்ளே டில்லியிலிருந்து சென்னை வரை ஒரே குளிர்தான். ஆனாலும் அப்பா ஸ்டேஷன் போர்டைப் பார்த்துத்தான் கழற்றுவார். ரூல் என்றால் ரூல்.

முன்பெல்லாம் இரண்டடுக்கு ஏ.ஸி.யில் வருவார்கள். சீனியர் சிட்டிசன் சலுகையாக ஆணுக்கு 40 சதவிகிதம், பெண்ணுக்கு 50 சதவிகிதம் கழிவு இருந்தது. 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். நான் இதை எழுதுகிற வரை திரும்பவில்லை. அதிலிருந்து அப்பா ஒரு படி இறங்கி மூன்றடுக்கு. "இருபத்திரண்டு வயசுல ஃபுல் டிக்கெட் எடுத்துண்டு போனேன். எழுபத்தேழு வயசுலயும் ஃபுல் டிக்கெட். நடுவுல கொஞ்ச நாள் குழந்தையா இருந்தேன்" என்பார்.

சென்ட்ரலில் இறங்கும்போது அப்பாவின் உடம்பில் ஒரு பனியன், ஒரு சட்டைதான் மிச்சம். வீட்டுக்கு வந்தால், கேட்டில் எங்கள் வாட்ச்மேன் மங்கி குல்லா போட்டு, அதற்கு மேல் துண்டும் கட்டிக்கொண்டு நிற்பார். விடியற்காலை 22 டிகிரி!

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று அப்பா நிஜமான அக்கறையோடு விசாரிப்பார்.

"பனி சார்!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு பார்வையில் டில்லியின் மொத்த கௌரவமும் இருக்கும்.

2019 டிசம்பர் 30ஆம் தேதி டில்லியில் பகல் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். 1901க்குப் பிறகு டிசம்பரில் இப்படிக் குளிர்ந்த பகல் இல்லை என்றார்கள். அன்றைக்கு அப்பா எங்கள் வீட்டு மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தார். "அம்பது வருஷம் அந்த ஊர்ல இருந்திருக்கேன். சரியா அந்த ஒரு நாள் பார்த்து நான் இல்லாம போயிட்டேனே" என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேர்ல்டு கப் ஃபைனலைத் தவறவிட்ட மாதிரி.

* * *

வந்து இறங்கியதும் முதல் வேலை, அப்பா உயிரோடு இருப்பதை நிரூபிப்பது.

பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 80 வயது தாண்டினவர்களுக்கு மட்டும் அக்டோபரிலேயே கதவைத் திறந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் வரிசையில் நின்று, கையெழுத்துப் போட்டு, ஆபீஸர் மேலும் கீழும் பார்த்து 'ஆமாம், உயிரோடுதான் இருக்கிறார்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 2014ல் ஜீவன் பிரமாண் வந்து கைரேகை போதும் என்றானது. 38 வருஷம் டைப் அடித்ததாலோ என்னவோ, அப்பாவின் ரேகை மெஷினில் விழவே விழாது. 2021லிருந்து முகத்தைக் காட்டினாலே போதும். என் செல்போனில்தான் எடுப்போம்.

செல்போன் அவரைக் கண் சிமிட்டச் சொல்லும்.

அப்பா சிமிட்டினார். ஏற்கவில்லை. இன்னும் அழுத்திச் சிமிட்டினார். ஏற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சினிமா வில்லன் மாதிரி ஒரு சிமிட்டல்... 'வெற்றி' என்று வந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "கல்யாணமாகி அம்பது வருஷம் ஆகப் போறது. என்னைப் பார்த்து ஒரு நாளும் இப்படிச் சிமிட்டினதில்லை. பென்ஷன்னா மட்டும் சிமிட்டறார், பாரு."

அப்பாவுக்கு இன்னொரு லட்சியமும் இருக்கிறது. மத்திய சர்க்கார் பென்ஷனில் 80 வயது ஆனால் அடிப்படையில் 20 சதவிகிதம் கூடுதல். 85ல் 30, 90ல் 40, 95ல் 50. நூறு வயது ஆனால் நூறு சதவிகிதம், அதாவது இரட்டை பென்ஷன்! இந்தப் பட்டியலை ஒரு காகிதத்தில் எழுதி பர்ஸில் வைத்திருக்கிறார். நம் ஆபீஸிலும் இப்படி ஒரு ஸ்கீம் இருந்தால் நானும் நூறு வயது இருந்து பார்ப்பேன். எங்கள் மேனேஜர் அதற்கு முன்னால் ஏதாவது ஆடிட் கொடுத்துக் கொன்றுவிடுவார்.

* * *

அம்மாவின் முதல் வேலை வேறு. வந்ததும் வராததுமாக வீட்டிலிருக்கிற அத்தனை ஜன்னல்களையும் படார் படார் என்று திறப்பாள்.

டில்லியில் நவம்பர் வந்தால் ஜன்னல் திறக்கக் கூடாது. இடுக்கிலெல்லாம் பழைய பேப்பரைத் திணித்து, மூலையில் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினை ஓடவிட்டு, அறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 2024 நவம்பர் 18 அன்று டில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. அளவுகோலே 500 வரைதான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கின மாதிரி. இதில் எவ்வளவு மார்க் குறைகிறதோ அவ்வளவு நல்லது.

அதனால் திறந்த ஜன்னல் என்பது அம்மாவுக்கு நகை மாதிரி. ஆனால் நங்கநல்லூரில் சாயந்திரம் ஐந்தரைக்கு ஜன்னலைச் சாத்தாவிட்டால் கொசு குடும்பத்தோடு உள்ளே வந்து சோபாவில் உட்காரும். என் மனைவி சாத்துவாள். அம்மா திறப்பாள். இவள் சாத்துவாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். "அம்மா, காத்து போறுமா?" என்பாள் இவள், மிருதுவாக. "இருக்கட்டும்மா, உனக்குக் கஷ்டமா இருந்தா சாத்திக்கோ" என்பாள் அவள், அதைவிட மிருதுவாக. நடுவில் கொசு என்னைக் கடிக்கும்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவியே ஆளைக் கூட்டி வந்து எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய். அன்றைக்கு ராத்திரி அம்மா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி "நல்ல பொண்ணுடா" என்றாள். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மார்கழியில் அம்மா வேறு ஆள். நாலரைக்கு எழுந்து வாசலில் கோலம். டில்லியில் நாலாவது மாடி வாசலில் இரண்டடி இடத்தில் சாக்பீஸால் போட்டவள், இங்கே ரோடு வரைக்கும் இழுத்துவிடுவாள். பால்காரர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். அப்புறம் தெருப் பெண்களோடு திருப்பாவை. அப்புறம் 32 அடி ஆஞ்சநேயர். பிரசாதமாகச் சுடச்சுட வெண்பொங்கல் தொன்னையோடு திரும்புகிறபோது ஒரே மூச்சில் மாடிப்படி ஏறிவிடுவாள். மயூர் விஹாரில் நாலு மாடிக்கு நாலு தடவை உட்கார்ந்து ஏறுகிறவள்.

அப்பா? அப்பா காத்திருக்கிறார். மனிதர் குறை சொல்லவில்லை. ஆனால் காத்திருக்கிறார்.

காலையில் காய்கறி வண்டிக்காரரிடம் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறு கேட்பார். டில்லியில் அது உரிமை. இங்கே கறிவேப்பிலைதான் கொசுறு. "எட்டு வருஷமா இந்த ஊருக்கு இது புரியலை" என்று திரும்புவார். மெட்ரோவில் ஏறினால் பக்கத்து சீட் பையனிடம், "எங்க ஊர்ல 2002லேயே வந்தாச்சு" என்பார். அந்தப் பையன் பாவம், காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டு "என்ன சார்?" என்பான். அப்பா மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

டிசம்பரில் பழவந்தாங்கலில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி மாம்பலம் போய் சபாவில் உட்காருவார். சாயந்திரக் கச்சேரி டிக்கெட் விலை அவருக்குக் கட்டுப்படியாகாது. மத்தியானம் சின்னப் பிள்ளைகள் பாடுகிற இலவசக் கச்சேரிகள். பாதி ஹால் காலி. மீதிப் பாதியில் அப்பா மாதிரி பத்துப் பதினைந்து ரிடையர்டுகள். "மேடையில பாடறவனோட அம்மா, அப்பா, அப்புறம் நான்" என்பார். பிறகு கேன்டீன். இலவசமாகக் கேட்டதில் மிச்சம் பிடித்த பணமெல்லாம் கீரை வடையிலும் அக்காரவடிசிலிலும் போய்விடும்.

இன்னொன்று உண்டு. அப்பாவிடம் ஒரு டைரி. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு இரண்டு கட்டம். ஒன்றுக்கு 'டில்லி', ஒன்றுக்கு 'மெட்ராஸ்' என்று தலைப்பு. தினமும் காலை காபி குடித்ததும் இரண்டு ஊரின் வெப்பநிலை, காற்றுத் தரக் குறியீடு இரண்டையும் பேரன் செல்போனில் பார்த்துச் சொல்ல, எழுதிக்கொள்வார். டில்லி கட்டத்தில் நம்பர் இறங்கினால் முகம் மலரும். "பார்த்தியா, நேத்திக்கு இன்னிக்கு நாப்பது பாயின்ட் குறைஞ்சிருக்கு!" என்று சமையலறைக்குக் கேட்கும்படி சொல்வார்.

"நாப்பது குறைஞ்சும் முன்னூத்துப் பத்துதானே?" என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

* * *

பிரச்னை டிசம்பர் கடைசியில் ஆரம்பித்தது.

ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை நான்தான் எடுப்பேன். முன்பு 120 நாள் முன்னால் எடுக்கலாம். 2024 நவம்பர் 1லிருந்து 60 நாள்தான். அப்பா ஹோலியெல்லாம் முடிந்து, கலர்ப் பொடி அடங்கட்டும் என்று மார்ச் 16ஆம் தேதியைக் குறித்து வைத்திருந்தார். பின்னாலிருந்து எண்ணினால் ஜனவரி 15. காலை எட்டு மணி. அதாவது இந்த 2026 பொங்கலன்று, பொங்கல் பானையும் ரிசர்வேஷனும் ஒரே நேரத்தில் பொங்குகிற மாதிரி அமைந்துவிட்டது.

ஒரு நாள் நான் ஆபீஸ் கிளம்ப ஷூ போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டிக்கெட் எடுக்கறச்சே ஒண்ணு எடு. அவருக்கு மட்டும்."

லேஸ் கையிலேயே நின்றுவிட்டது. "அம்மா, என்ன சொல்றே?"

"நான் வரலை. எட்டு வருஷமா போயிட்டுப் போயிட்டு வரேன். இங்கே நாலு மாசம் ஊதி ஊதிச் சேர்த்த மூச்சை அங்கே கொண்டுபோய்க் கொட்டறேன். போறும்டா. உங்களுக்கு இடைஞ்சல்னா சொல்லு, இந்தத் தெருவிலேயே ஒரு ரூம் பார்த்துக்கறேன்."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஸ்கேல் எங்கேன்னு கேட்டார்."

அன்றைக்கு ஆபீஸில் நான் போட்ட ஸ்டேட்மென்ட்டில் கூட்டல் தப்பு. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். "டிக்கெட் ஒண்ணா, ரெண்டான்னு தெரியலை சார்" என்று சொல்லிவிட்டேன். டூர் பில்லைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஒண்ணுதான் சாங்ஷன்" என்றார்.

வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. இருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அப்பா டைரியைப் பார்த்துப் பேசுவார். அம்மா ஜன்னலைப் பார்த்துப் பேசுவாள்.

"ஏப்ரல், மே கத்திரியில இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?"

"அங்கே என்ன ஊட்டியா? நாப்பத்தஞ்சு அடிக்கறது."

"அது வறண்ட வெயில். வேர்க்காது."

"செத்தாலும் வேர்க்காதுதான்."

ஒரு நாள் ராத்திரி மொட்டை மாடியில் அப்பாவிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். "இங்கேயே இருந்துடலாமேப்பா." அவர் உடனே பதில் சொல்லவில்லை. வறுத்த கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். "இங்கே நான் உன்னோட அப்பா. கீழே வாட்ச்மேனுக்கு, கடைக்காரனுக்கு, எல்லாருக்கும் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர் சாரோட அப்பா.' அங்கே எனக்குப் பேர் இருக்குடா" என்றார். நாங்கள் அப்புறம் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினோம்.

* * *

போகி.

சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கே கொட்டுச் சத்தம். தெருவுக்குத் தெரு பழைய பாய், கட்டில் கயிறு, யாராவது ஒருத்தன் தடுத்தும் கேளாமல் ஒரு டயர். 2018 போகியன்று சென்னையில் புகை மூட்டத்தில் பிளேன்களே இறங்க முடியாமல் திண்டாடின. விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

எட்டு வருஷமாகப் போகியன்று அம்மாவை வெளியே விடுவதில்லை. இந்த வருஷம், 'சீக்கிரமே போயிட்டு வந்துடறேன், இன்னும் யாரும் கொளுத்தலை' என்று மார்கழி கடைசி நாள் கோயிலுக்குப் போய்விட்டாள். திரும்புகிறபோது தெரு முழுக்கக் கொளுத்தியிருந்தார்கள்.

மாடிப்படியில் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தொன்னை கையில். பேச்சு வரவில்லை. என் மனைவிதான் முதலில் பார்த்துக் கத்தினாள். கைப்பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து அழுத்தினால் புஸ் என்று வெறும் சத்தம். காலி. இங்கே வந்ததிலிருந்து அவ்வளவு தேவைப்படாததால் யாரும் கவனிக்கவில்லை.

நான் பனியனோடு செல்போனைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா இறங்கி ஓடிவிட்டார். எழுபத்தேழு வயது. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், அந்தப் புகைக்குள். தெருமுனை மருந்துக் கடை அப்போதுதான் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தது. அப்பா குனிந்து உள்ளே தலையை விட்டு, "பாயி ஸாப்! இன்ஹேலர்! ஜல்தி தீஜியே, மேரி பத்னி..." என்றாராம். பதற்றத்தில் தமிழ் மறந்துவிட்டது. பெருக்கிக்கொண்டிருந்த பையன் பீகார்க்காரன். முதலாளிக்குக்கூடக் காத்திராமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான்.

இரண்டு தடவை அழுத்தினதும், வீட்டு நெபுலைசரை மாட்டினதும், ஒரு மணி நேரத்தில் அடங்கியது. டாக்டர் வந்து பார்த்து, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அப்பாதான் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். எலாஸ்டிக் இருக்கிறது, பிடிக்கவே வேண்டாம். விடவில்லை.

அம்மாவுக்குப் பேச வந்ததும் முதல் வார்த்தை: "செருப்பு போட்டுண்டு போகக் கூடாதா?"

நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். 'இதான் உன் மெட்ராஸ் காத்து, பார்த்தியா?' என்று அப்பா எப்போது சொல்லப் போகிறார் என்று. அவர் கேஸுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அன்று முழுக்கச் சொல்லவில்லை. ராத்திரி அவர் தூங்கினபிறகு டைரியைப் பிரித்துப் பார்த்தேன். ஜனவரி 14. டில்லி கட்டத்தில் வழக்கம்போல் நம்பர். மெட்ராஸ் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. எட்டு சீசனில் அந்த ஒரு கட்டம்தான் காலி.

* * *

மறுநாள் காலை ஏழு ஐம்பத்தைந்து. நான் லேப்டாப் முன்னால். பக்கத்தில் அப்பா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. சமையலறையில் பானை. பையன் தட்டையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு சத்தம் போட ரெடி.

எட்டு. முதல் பெயர் அடித்தேன். அப்பா, 77, ஆண். லோயர் பெர்த்.

"அடுத்தது?" என்றேன், யாரையும் பார்க்காமல்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

அப்பா ஸ்கிரீனையே பார்த்தார். "இன்னிக்குத் திறக்கறது மார்ச் 16. நாளைக்குத் திறந்தா 17, இல்லையா?"

"ஆமாம்ப்பா."

"17 என்ன கிழமை?"

"செவ்வாய்."

"நாளைக்குப் பார்த்துக்கலாம். எடுத்துட்டு கேன்சல் பண்ணினா டிக்கெட்டுக்கு 180 ரூபாய் பிடிப்பான், மேலே வரி வேற" என்று எழுந்துவிட்டார். அதற்குள் பானை பொங்கி, பையன் தட்டைத் தட்டி, "பொங்கலோ பொங்கல்!"

அன்றிலிருந்து தினமும் ஏழு ஐம்பத்தைந்துக்கு அப்பா வந்து உட்காருகிறார். எட்டு மணிக்கு ஒரு புதுத் தேதி திறக்கிறது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்கிறார். நானும் மூடிவிட்டு ஆபீஸ் ஓடுகிறேன். இன்றைக்கு ஜனவரி 28. மார்ச் 29 வரை வந்துவிட்டோம்.

நேற்று மத்தியானம் ஆபீஸுக்கு அப்பாவிடமிருந்து போன். அவர் ஆபீஸ் நேரத்தில் போன் செய்கிற ஆளே இல்லை.

"ஒண்ணுமில்லை. என்னோட சி.ஜி.எச்.எஸ். கார்டை டில்லியிலேர்ந்து மெட்ராஸுக்கு மாத்தணும்னா என்ன ஃபாரம்னு பார்த்து வை. சும்மா தெரிஞ்சுக்கத்தான். உங்கம்மாகிட்ட சொல்லாதே."

ராத்திரி சாப்பாடு முடிந்து தட்டு கழுவப் போனபோது அம்மா பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் பேசினாள், வெளியே கேட்கக் கூடாதாம்.

"வருஷப் பிறப்பு ஆனதும் ரெண்டு டிக்கெட் போட்டுடு. அந்தப் பார்க்கும் சீட்டும் இல்லாம மனுஷர் இளைச்சுண்டே வரார். நவம்பர் வந்தா மறுபடி வந்துக்கலாம். நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லாதே."

இப்போது மணி ஏழு ஐம்பத்திரண்டு. இதை எழுதிக்கொண்டே லேப்டாப்பில் இன்னொரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். ஹாலில் அப்பா கண்ணாடியைத் துடைக்கும் சத்தம் கேட்கிறது.